நூற்றெண்பது இருக்கைக்கும் மஞ்சள்

முதன்முறையாக விமானத்தில் ஏறியபோது நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சென்னையில் ஒரு கல்யாணம். ரயிலில் இடமில்லை என்று மகள் ஃபோனிலேயே மதுரையிலிருந்து விமான டிக்கெட் போட்டுவிட்டாள். அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து மேகத்தைப் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். நான் குனிந்து, என் இருக்கைக்கு அடியில் கையை விட்டு, உறை எங்கே முடிகிறது, எதைக்கொண்டு பிடித்து வைத்திருக்கிறார்கள் என்று தடவிக்கொண்டிருந்தேன்.

என் பிழைப்பு அப்படி. தேனி அல்லிநகரத்தில் எங்களுடையது சீட் கவர் கடை. ஜீப், வேன், டிராக்டர், மினி பஸ், எது வந்தாலும் உறை தைத்து மாட்டுவோம். எந்த வண்டியில் உட்கார்ந்தாலும் என் கை முதலில் தையலைத்தான் தேடும். ஆஸ்பத்திரியில் டோக்கன் வாங்கிக் காத்திருக்கும்போது அந்த நாற்காலியைக்கூட நான் விட்டதில்லை.

விமான இருக்கையின் முன்னோரம் வெல்க்ரோவால் ஒட்டியிருந்தது. லேசாகத்தான் இழுத்தேன். பர்ரென்று பிரிந்துவிட்டது. பணிப்பெண் ஓடி வந்தாள்.

"மேடம், என்ன பண்றீங்க? அதையெல்லாம் தொடக் கூடாது."

மூன்று வரிசை ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள், ஏதோ நான் இருக்கையைக் கழற்றிப் பையில் போட்டுக்கொள்ளப் போகிற மாதிரி. மகள் பல்லைக் கடித்துக்கொண்டு, "அம்மா, மானத்த வாங்காதம்மா" என்றாள். நான் கையை எடுத்துக்கொண்டேன். ஆனால் பார்க்க வேண்டியதைப் பார்த்துவிட்டேன். உள்ளே ஒரு சின்ன வெள்ளைத் துணிச்சீட்டு. அதில் பெங்களூரு கம்பெனி ஒன்றின் பெயரும் நீளமாக ஓர் எண்ணும். போர்டிங் பாஸின் பின்பக்கம் குறித்துக்கொண்டேன். இன்னொன்றும் கண்ணில் பட்டது. வளைவில் இரண்டு இடத்தில் தையல் கோட்டை விட்டு விலகி ஓடியிருந்தது. சும்மா சொல்லக் கூடாது, எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். இதைவிட நாங்கள் நன்றாகவே தைப்போம்!

நாங்கள் என்றால் நானும் மதினியும். கடையை ஆரம்பித்தது என் அண்ணன். மாரடைப்பில் அவர் போனபோது, காரியம் முடியுமுன்பே கடையை விலைக்குக் கேட்டு ஆட்கள் வந்தார்கள். மதினி அண்ணனின் மனைவி, என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர், வாய் பேசுவதைவிடக் கை பேசுவது அதிகம். வந்தவர்களுக்கு மோர் கொடுத்து அனுப்பிவிட்டுப் போய் மிஷினில் உட்கார்ந்தார். இரண்டு தெரு தள்ளி வாக்கப்பட்டிருந்த நான் மறுநாளே வந்து துணி வெட்டும் மேசை முன்னால் நின்றேன். "ரெண்டு பொம்பளைக ஜீப்பு சீட்டுத் தைக்கப் போறாகளாம்ல" என்று பஜாரில் பேசிக்கொண்டார்கள். பேசினால் பேசிவிட்டுப் போகட்டும். எனக்கும் வாய் இருந்தது, பதில் சொல்லிக்கொண்டேதான் வெட்டினேன்.

ஜீப் சீட்டு லேசுப்பட்ட வேலை இல்லை. ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டு போடிமெட்டும் குமுளியும் ஏறுகிற வண்டி அது. ஐந்து பேர் உட்காரும் இடத்தில் பத்துப் பேர் நெருக்கி உட்காருவார்கள். ஈரச் சாக்கு, சேற்றுக் கால், தூக்குவாளி எல்லாம் அந்த உறைமேல்தான். மதினி போட்ட தையல் பிரிந்து நான் பார்த்ததில்லை. தைத்து முடித்ததும் குழைத்த மஞ்சளை மோதிர விரலால் தொட்டு, உறையின் உள்மூலையில் ஒரு பொட்டு வைப்பார். புதுச் சேலையோ புதுச் சட்டையோ, மூலையில் மஞ்சள் வைத்துத்தானே உடுத்துகிறோம். சீட்டுக்கு உடுத்துவதும் புதுத் துணிதானே. என்றைக்காவது விட்டுப்போனால் டிரைவர்களே கேட்டுவிடுவார்கள். "என்னக்கா, மஞ்ச வெக்கல போலருக்கு? நாங்க மேடு ஏறணும்ல?"

சென்னையிலிருந்து வந்ததும் மகளை உட்கார வைத்து அந்தப் பெங்களூரு கம்பெனிக்கு மெயில் போடச் சொன்னேன். பதில் இல்லை. இன்னொன்று போட்டோம். அதற்கும் இல்லை. ஐந்தாவது மெயிலுக்கும் பதில் வராதபோது எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. என் கை தடவிய ஞாபகத்தை வைத்து அந்த இருக்கைக்கு ஓர் உறை வெட்டினேன். மதினி தைத்தார். பார்சலில் அனுப்பி, கூடவே ஒரு கடிதமும் வைத்தேன். "உங்கள் உறையில் வளைவில் தையல் விலகியிருக்கிறது. எங்களுடையதையும் பாருங்கள்."

கடிதத்தைப் படித்துவிட்டு மகள் கேட்டாள்: "அம்மா, நீ வேலை கேக்குறியா, சண்டைக்குக் கூப்பிடுறியா?"

"ரெண்டும்தான். ஒட்டி அனுப்பு."

பத்து நாளில் ஃபோன் வந்தது. அடுத்த வாரம் ஆளே வந்துவிட்டார். தரம் பார்க்கிற அதிகாரி. சேலத்துக்காரர், பெங்களூரில் வேலை. வாசலில் இரண்டு ஜீப்பு சீட்டுகள் காய்ந்துகொண்டிருந்ததைப் பார்த்து முதலில் அவருக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். உள்ளே வந்து, மதினி தைத்துக்கொண்டிருந்த ஒரு வேன் சீட்டின் மேல் சின்ன ஸ்கேலை வைத்துத் தையல்களை எண்ணினார். இன்னோர் இடத்தில் வைத்து எண்ணினார். வளைவில் வைத்து எண்ணினார். எல்லா இடத்திலும் ஒரே கணக்கு வந்தது. சிரிப்பு போய்விட்டது.

"இவங்க எங்க டிரெயினிங் எடுத்தாங்க மேடம்?"

"எங்க வீட்டுக்கு வாக்கப்பட்டு வந்தாக. அதான் டிரெயினிங்கு" என்றேன்.

பயிற்சிக்கு எங்களைப் பெங்களூருக்கு அழைத்தார்கள். அங்கே ஒரு நீள மேசையில் பழைய உறை முதல் புது உறை வரை வரிசையாகப் பரப்பி வைத்திருந்தார்கள். எனக்கு இன்றைக்கும் மறக்காத மேசை அது. இறக்கையும் இன்ஜினும் எனக்கு என்ன தெரியும்? விமானம் வளர்ந்த கதையை நான் உறையின் ஓட்டைகளில் படித்துக்கொண்டேன். மிகப் பழைய உறை கம்பளி கலந்த துணி, தூக்கினால் கை வலிக்கும். கைப்பிடி உறையில் ஒரு சின்ன சதுர ஓட்டை. எதற்கு என்று கேட்டேன். சிகரெட் சாம்பல் தட்டும் கிண்ணத்துக்காம். அடப் பாவிகளா, ஆகாயத்தில் மூடின பெட்டிக்குள் உட்கார்ந்துகொண்டு புகைத்திருக்கிறார்கள்! அடுத்த உறையில் அந்த ஓட்டை இல்லை. அதற்கடுத்ததில் முதுகுப் பக்கம் பெரிய ஜன்னல் மாதிரி வெட்டியிருந்தது. அது படம் பார்க்கிற திரைக்கு. எல்லாவற்றிலும் புதியதில் திரையும் இல்லை, அவரவர் ஃபோனைச் செருகி வைக்க ஒரு கீறல் மட்டும். உறை மெலிந்து மெலிந்து வந்து, கடைசி உறையை மடித்தால் ஒரு துண்டு அளவுக்குத்தான் இருந்தது.

"ஏன் சார் இப்பிடி இளைச்சுப்போச்சு?" என்றேன்.

ஓர் இருக்கையில் குறைகிற எடை விமானம் முழுக்கச் சேர்ந்தால் அவ்வளவு எரிபொருள் மிச்சமாம். இருக்கை மெலிந்ததால்தான் கூட ஒரு வரிசை போட முடிகிறதாம், அதனால்தான் நம்மைப் போன்றவர்கள் ஏறுகிற விலைக்கு டிக்கெட் இறங்கியதாம். கால் நீட்ட முடியவில்லை என்று விமானத்தில் நான் திட்டிக்கொண்டே போனது ஞாபகம் வந்தது. கால் நீட்ட இடமிருந்த காலத்தில் நான் ஏறியிருக்கவே முடியாது என்று அப்போதுதான் புரிந்தது.

இளைத்தாலும் ஒரு விஷயத்தில் உறை கெட்டியாக நிற்க வேண்டும் என்றார்கள். அது தீ. உறைத் துணியை நீளமாக வெட்டித் தொங்கவிட்டு, அடியில் பன்னிரண்டு வினாடி தீயைப் பிடிப்பார்கள். தீயை எடுத்ததும் துணி தானாக அணைய வேண்டும். துணி, நூல், வெல்க்ரோ, பசை எல்லாவற்றுக்கும் இந்தச் சோதனை உண்டு. பட்டியலில் இல்லாத ஒரு பொருள் உறையில் படக் கூடாது. ஏதாவது ஆகிவிட்டால், ஆட்கள் எழுந்து வாசலுக்கு ஓடுகிற நேரத்தை அந்த உறைதான் வாங்கிக் கொடுக்கும் என்று அதிகாரி சொன்னார். மதினி கேட்டுக்கொண்டிருந்தார். திரும்பி வரும் பஸ்ஸில், திண்டுக்கல் தாண்டியதும், திடீரென்று கேட்டார்.

"ஏத்தா, அம்புட்டு உசுரும் நம்ம துணி மேலயா இருக்கு?"

"ஆமா மதினி."

தேனி வரும் வரை அவர் முன்சீட்டின் தையலை விரலால் தடவிக்கொண்டே வந்தார்.

முதலில் தலைப்பகுதி உறைகள், பிறகு கைப்பிடி உறைகள் என்று சின்னச் சின்னதாகக் கொடுத்தார்கள். வேலை கூடியதும் அக்கம்பக்கத்துப் பெண்களைச் சேர்த்து நாங்கள் ஏழு பேர் ஆனோம். கட்டுப்பாடு என்றால் அப்படி ஒரு கட்டுப்பாடு. மிஷினில் ஊசி உடைந்தால் எல்லாத் துண்டையும் தேடி எடுத்து நோட்டில் ஒட்டிக் கையெழுத்துப் போட வேண்டும். ஒரு துண்டு குறைந்தாலும் அன்று தைத்தது அத்தனையும் ஓரம்கட்ட வேண்டும். ஒருநாள் ஊசி முனை ஒன்று கிடைக்காமல், உத்தமபாளையத்திலிருந்து வந்து போகும் பெண் உட்பட ஏழு பெண்களும் காந்தத்தை வைத்துக்கொண்டு தரையெல்லாம் தவழ்ந்தோம். என் கொண்டையில் இருந்தது. எல்லோரும் சிரித்தார்கள், எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

அப்புறம் வந்தது பெரிய வேலை. ஒரு முழு விமானம். நடுவில் ஒரே நடைவழி, இரண்டு பக்கமும் மூன்று மூன்றாக நூற்றெண்பது இருக்கைகள். அதிகாரி ஒளிக்காமல் சொன்னார். "இது சரியா வந்தா வருஷம் முழுக்க உங்களுக்குத்தான் மேடம். திரும்பி வந்தா அவ்வளவுதான், வேற ஊருல பெரிய யூனிட் ஒண்ணு ரெடியா நிக்குது." நாங்கள் மூன்று மாதம் ஜீப்பைத் தொடவில்லை. டிரைவர்கள் கோபித்துக்கொண்டு தேவதானப்பட்டிப் பக்கம் வேறு கடை பார்த்துக்கொண்டார்கள். திரும்பிப் போக இடமில்லாமல்தான் தைத்தோம். ஏழு பெண்களின் வீட்டிலும் உலை அதை நம்பித்தான் கொதித்தது.

தைத்தோம். ஒவ்வோர் உறையையும் நான் விளக்குக்கு அடியில் திருப்பித் திருப்பிப் பார்த்துக் கையெழுத்துப் போட்டேன். மறுநாள் காலை அட்டைப்பெட்டி வாங்கப் போய்விட்டு வந்தேன். எல்லாவற்றையும் மடித்து அடுக்கித் தயாராக வைத்திருந்தார் மதினி. முகத்தில் ஒரு நிறைவு. பெட்டியில் போட்டு ஒட்டி லாரியில் ஏற்றினோம். அன்று எல்லோருக்கும் நான் பரோட்டா வாங்கிக் கொடுத்தேன்.

நான்காம் நாள் அதிகாரி ஃபோன் செய்தார்.

"மேடம், அடி உறை எல்லாத்துலயும் உள்மூலையில மஞ்சளா ஒரு கறை இருக்கு. நூத்தி எண்பதுலயும். என்ன கெமிக்கல் அது?"

ஃபோனைக் காதிலிருந்து எடுத்தேன். திரும்பினேன். மதினி மிஷினில் நூல் கோத்துக்கொண்டிருந்தார்.

"மதினி, மஞ்ச வெச்சீகளா?"

"வெச்சேன்ல. நீ பெட்டி வாங்கப் போயிருந்தப்ப. உக்காருற சீட்டு ஒண்ணு விடாம வெச்சேன். புதுத் துணிக்கு மஞ்ச வெக்காம அனுப்புவாகளா? அதுவும் ஆகாசத்துல போற உசுருக்கு."

அதன்பிறகு நான் பேசியது எனக்கே நன்றாக இல்லை. ஆனாலும் எழுதத்தான் வேண்டும். "ஒங்க மஞ்சளால எல்லார் வயித்துலயும் மண்ணு விழுந்துச்சு" என்று கத்தினேன். அண்ணன் வைத்த கடை, மூன்று மாத உழைப்பு, ஏழு வீடு என்று வாய்க்கு வந்ததையெல்லாம் மற்ற பெண்களுக்கு முன்னால் கொட்டினேன். மதினி எழுந்தார். மிஷினைத் துணியால் மூடினார். தூக்குவாளியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

சாயங்காலம் அதிகாரி மறுபடி கூப்பிட்டார். நல்ல மனுஷன். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "மேடம், மஞ்சள் கலர் மார்க்கிங் சாக்பீஸ் நம்ம பட்டியல்ல இருக்கு. அதுதான் பட்டுருச்சுன்னு ஒரு வரி எழுதிக் குடுங்க. முடிஞ்சுரும்."

ஒரு வரிதான். கை பேனாவைத் தேடவும் செய்தது. மேசைமேல் ஊசி நோட்டு கிடந்தது. உடைந்த ஒவ்வொரு ஊசியும் துண்டு துண்டாக ஒட்டி, தேதி போட்டு, என் கையெழுத்தோடு. கொண்டைக்குள் இருந்த முனைகூட அதில் இருக்கிறது. அந்த நோட்டை வைத்துக்கொண்டு பக்கத்தில் இன்னொரு தாளில் பொய் எழுத எனக்கு மனசு வரவில்லை. அது மட்டும் இல்லை. மஞ்சள் தீப்பிடிக்குமா பிடிக்காதா என்று எனக்கு உண்மையிலேயே தெரியாது. அதன்மேல் நூற்றெண்பது பேர் உட்காரப் போகிறார்கள்.

"அது மஞ்சள் சார். சமையல்ல போடுற மஞ்சள். புதுத் துணிக்கு வைக்கிறது எங்க வழக்கம். நீங்க தீயில போட்டுப் பாருங்க. அணையலன்னா மொத்தத்தையும் திருப்பி அனுப்புங்க, நான் வாங்கிக்கிறேன்" என்றேன். அவர்கள் அனுப்பிய படிவத்தில் காரணம் என்ற கட்டத்திலும் அதையே எழுதி அனுப்பினேன். மகள் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தாள், ஒரு வார்த்தை கூட்டவோ குறைக்கவோ விடவில்லை.

சோதனைக்கு அதே மஞ்சளைக் கொண்டுவரச் சொன்னார்கள். மறுநாள் காலை மதினி வீட்டுக்குப் போனேன். அவரையும் கூப்பிட வேண்டும். முற்றத்தில் மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்தார், என்னைப் பார்க்கவில்லை.

"மதினி, பெங்களூரு போகணும். மஞ்சளோட வாங்க."

"எதுக்கு? நாந்தான் வெச்சேன்னு அங்கன பிடிச்சுக் குடுக்கவா?"

நான் அவர் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்தேன். "தப்பு என் மேலயும் இருக்கு. ஊசியப் பத்தி நூறு தடவ சொன்னேன், நூலப் பத்திச் சொன்னேன், மஞ்சளப் பத்தி ஒரு வார்த்த சொல்லல. எனக்கே தோணல மதினி. நீங்க வைக்கலன்னா நானே வெச்சிருப்பேன். நான் பேசுனது தப்பு. வாங்க."

மதினி கடைசி மிளகாயையும் பரப்பிவிட்டுத்தான் எழுந்தார். "இரு, சீல மாத்திட்டு வாரேன்" என்றார்.

சோதனைக்கூடத்தில் வெள்ளைக் கோட்டுப் போட்ட இளம்பெண் ஒருத்தி இருந்தாள். உறைத் துணியை மூன்று நீளத் துண்டாக வெட்டி மதினி முன்னால் வைத்து, எப்படி வைத்தீர்களோ அப்படியே வையுங்கள் என்றாள். மதினி மஞ்சளைக் குழைத்து, கண்ணை மூடி ஒரு நொடி நின்று, மோதிர விரலால் பொட்டு வைத்தார். அந்தப் பெண் பார்த்துவிட்டு, இது போதாது, எவ்வளவு மோசமாகப் பட்டிருந்தாலும் தாங்குமா என்று பார்க்க வேண்டும், துண்டு முழுக்கப் பூசுங்கள் என்றாள்.

"முழுக்கவா? என்ன தாயி, சடங்கான புள்ளையக் குளிப்பாட்டுற மாதிரியில்ல இருக்கு!"

அங்கிருந்தவர்கள் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். மதினிக்கும் சிரிப்பு வந்தது. சண்டைக்குப் பிறகு முதன்முறையாக அவர் சிரித்து நான் பார்த்தேன்.

மஞ்சள் காய்ந்ததும் முதல் துண்டைக் கண்ணாடிப் பெட்டிக்குள் தொங்கவிட்டார்கள். தீ வந்தது. பன்னிரண்டு வினாடி என்பது எவ்வளவு நீளம் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. மதினி என் மணிக்கட்டைப் பிடித்திருந்தார், வளையல் சதையில் அழுந்தியது. தீயை எடுத்தார்கள். துணியின் அடியில் ஒரு சின்னச் சுடர் நின்றது, ஆடியது, அணைந்தது. அந்தப் பெண் கடிகாரத்தைப் பார்த்து எழுதினாள். இரண்டாவது துண்டும் அணைந்தது. மூன்றாவதில் சுடர் நிற்கக்கூட இல்லை.

"பாஸ்" என்றாள்.

நான் அந்த அறையில் கத்திய கத்தலில் வெளியே போன இரண்டு பேர் திரும்பி வந்து பார்த்தார்கள். யார் பார்த்தால் எனக்கு என்ன? மஞ்சள் மஞ்சளாகவே ஜெயித்துவிட்டது. அறிக்கையில் பொருள் என்ற இடத்தில் அந்தப் பெண் 'மஞ்சள் விழுது' என்று ஆங்கிலத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அவர்களுடைய பெரிய இன்ஜினியரும் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். நூற்றெண்பது உறையும் மஞ்சளோடு அப்படியே போகலாம். இனிமேல் மட்டும் உறையில் எதுவும் வைக்கக் கூடாது என்று அதிகாரி கண்டிப்பாகச் சொன்னார்.

மதினி யோசித்தார். "பெட்டி மேல வெக்கலாமா?"

அதிகாரி சிரித்தார். "பெட்டி பறக்காதும்மா. தாராளமா வைங்க."

இன்றுவரை எங்கள் கடையிலிருந்து போகிற ஒவ்வோர் அட்டைப்பெட்டியின் மூலையிலும் மஞ்சள் உண்டு. இதுவரை ஒன்பது விமானங்களுக்கு உறை தைத்திருக்கிறோம். ஏழு பெண்கள் இருபத்திரண்டு ஆனோம். பஜாரில் பேசியவர்களே இப்போது வீட்டுப் பெண்ணுக்கு வேலை இருக்கிறதா என்று கேட்டு வருகிறார்கள். ஊசி நோட்டைக் காட்டி, இதற்குச் சம்மதமா என்று கேட்டுத்தான் சேர்க்கிறேன்.

ஆனால் ஒன்பதிலும் முதல் விமானம்தான் மதினிக்குச் செல்லப்பிள்ளை. மஞ்சள் வைத்துப் போனது அது ஒன்றுதானே. ஒவ்வொரு விமானத்துக்கும் வால் பக்கம் ஐந்து எழுத்தில் ஓர் அடையாளம் உண்டு. அதிகாரி அதைப் படம் எடுத்து அனுப்பியிருந்தார். அதை ஃபோனில் ஒரு செயலியில் போட்டால் விமானம் இப்போது எங்கே பறக்கிறது என்று தெரியும். மகள் மதினிக்கு அதைப் பழக்கிவிட்டாள். காலையில் காபி குடிக்கும்போதே மதினி சொல்லிவிடுவார். "இன்னைக்குக் கௌஹாத்தி போயிருக்கு." "கொச்சியில நிக்கிது, அங்கன மழையாம்." மலை மேலே போன ஜீப்பு மழைக்கு முன்னால் இறங்கிவிட்டதா என்று விசாரிக்கிற குரலில்தான் சொல்வார். மதுரைக்கு மட்டும் அது வரவே இல்லை. மதினி விமானத்தில் ஏறியதும் இல்லை.

போன மாசி மாதத்தில் ஒருநாள், காலை பத்து மணி இருக்கும், மதினி மிஷினை விட்டு எழுந்து வந்து ஃபோனை என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"ஏத்தா, மதுரைன்னு போட்டுருக்கு. சரியாப் பாரு."

பார்த்தேன். எங்கள் விமானம் சென்னையிலிருந்து மதுரைக்கு வந்து, மூன்று மணிக்குப் பெங்களூருக்குக் கிளம்புகிறது. கத்தரியை மேசையில் போட்டேன். மகள் டிக்கெட் போட்டாள். மதினி வேலைச் சேலையோடு வரமாட்டேன் என்று அடம்பிடித்து, வீட்டுக்கு ஓடி, பச்சைப் பட்டுக் கரைச் சேலை கட்டிக்கொண்டு வந்தார். பழைய வாடிக்கை ஜீப் டிரைவர் ஒருவர் எதிரில் வந்தார். வண்டியை மறித்து ஏறிக்கொண்டோம். ஆண்டிபட்டிக் கணவாயில் முன்னால் ஒரு வைக்கோல் லாரி வழியை விடாமல் ஊர்ந்தபோது நான் திட்டியதை இங்கே எழுத முடியாது.

போய்ச் சேர்ந்துவிட்டோம். படிக்கட்டில் ஏறுமுன் மதினி நின்று, வால் பக்கம் இருந்த ஐந்து எழுத்தை விரலால் ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார். உள்ளே நடைவழியில் போகும்போது ஒவ்வொரு வரிசையின் தலைப்பகுதியையும் தொட்டுக்கொண்டே போனார். பின்னால் வந்தவர்கள் முணுமுணுத்தார்கள். திரும்பி ஒரு பார்வை பார்த்தேன், அடங்கிவிட்டார்கள். எங்களுக்குப் பதினெட்டாம் வரிசை. மதினிக்கு ஜன்னலோரம்.

உட்கார்ந்த கையோடு மதினி ஜன்னலைப் பார்க்கவில்லை. குனிந்தார். என்ன செய்யப் போகிறார் என்று எனக்குத் தெரியும், தடுக்கவில்லை. முன்னோரத்தில் வெல்க்ரோ பர்ரென்று பிரிந்தது. உறையின் உள்மூலையைத் திருப்பினார். இரண்டு வருஷம் எத்தனையோ ஆயிரம் பேர் உட்கார்ந்து எழுந்திருக்கிறார்கள். கொஞ்சம் வெளுத்திருந்தது. ஆனால் இருந்தது. மோதிர விரல் அளவுக்கு ஒரு பொட்டு மஞ்சள். அதற்குப் பக்கத்தில் வளைவில் ஓடிய தையலில் ஓர் இழைகூட நகரவில்லை.

பணிப்பெண் வந்துவிட்டாள். வேறு பெண். குரல் மட்டும் அதேதான்.

"அம்மா, என்ன பண்றீங்க? அதைத் தொடக் கூடாது."

மூன்று வரிசை திரும்பிப் பார்த்தது. நான் வாயைத் திறந்தேன். அதற்குள் மதினி நிமிர்ந்தார். கூட்டத்தில் ஒரு நாளும் குரல் உயர்த்தாத மதினி, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்.

"நாந் தைச்சது தாயி. நூத்தியெம்பதும் நாங்க தைச்சது. நல்லா இருக்கான்னு பாத்தேன். இருக்கு."

பிறகு மூலையை மடித்து, வெல்க்ரோவை உள்ளங்கையால் ஓரம் முழுக்க அழுத்தி ஒட்டிவிட்டு, பெல்ட்டை எப்படிப் போடுவது என்று அந்தப் பெண்ணிடமே கேட்டார்.